1971 ஹோண்டா சிபி350: கழட்டின ஒரிஜினலை குப்பைக்கு அனுப்பாம எழுப்பினது

வண்டி 1971 ஹோண்டா சிபி350, கே3 மாடல். பேருல 350-ன்னு இருந்தாலும் உள்ள 325 சிசி தான், ரெட்டை சிலிண்டர், மேல ஒரே கேம், அஞ்சு கியர், சிலிண்டருக்கு ஒண்ணா ரெண்டு கெய்ஹின் சிவி கார்புரேட்டர், 10,500 ஆர்பிஎம்-ல 36 குதிரை சக்தி. 1968-ல வந்து 1973 வரைக்கும் ஓடின மாடல், 3 லட்சத்துக்கு மேல வித்திருக்காங்க, அதனால இன்னிக்கும் மேனுவல் கிடைக்குது, தேடினா பார்ட்ஸும் கிடைக்குது. முதல் தடவையா ஒரு பழைய ஜப்பான் வண்டியை வீட்டுல வச்சு செய்யணும்னு யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்லுவேன். ஹோண்டாவோட நாலு சிலிண்டர் சிபி750 அழகுதான், ஆனா நாலு கார்புரேட்டர், நாலு சைலன்சர்னு எல்லாமே ரெண்டு மடங்கு வேலை.

என் கைக்கு வந்தப்ப வண்டி ரொம்ப வருஷமா ஓடாம நின்னது. டேங்குக்குள்ள துரு, அடியில தார் மாதிரி பெட்ரோல் கசடு, பேட்டரி செத்துப்போயிருந்தது, டயர் ரெண்டும் பாளம் பாளமா வெடிச்சிருந்தது. ஆனா கிக்கர் இறங்குச்சு. எஞ்சின் இறுகிப்போகலைன்னா பாதி கிணறு தாண்டின மாதிரிதான்.

இந்த மாதிரி வண்டி வந்ததும் நிறைய பேர் முதல்ல பண்றது புது கார்புரேட்டர் கிட், புது பாயிண்ட் செட் (பிளக்குல பொறி வர கரண்டை வெட்டற சுவிட்ச்), புது ஸ்க்ரூ செட்டுன்னு ஆர்டர் போடறது, வந்ததும் பழசை எல்லாம் ஒரு டப்பாவுல போட்டு தூக்கி எறியறது. நான் இதுக்கு நேர் எதிர் கட்சி. ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி ஹோண்டா கடைஞ்ச பித்தளை ஜெட்டும் (கார்புரேட்டர்ல பெட்ரோலை அளந்து விடற ஓட்டை) இரும்பு பார்ட்டும் இன்னிக்கு ஒரு பிளாஸ்டிக் கவர்ல வர்ற கிட்டை விட துல்லியமா இருக்கும், அதுக்கு தேவை சுத்தம் பண்றது மட்டும்தான். ரப்பர், டயர், பிரேக் கேபிள், பேட்டரி, இதெல்லாம் காலத்தோட போறது, அதை மாத்தித்தான் ஆகணும். பித்தளை, இரும்பு, அலுமினியம்னா கையில அளந்து பார்த்து கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா மட்டும் மாத்துங்க. இந்த வண்டி முழுக்க அப்படித்தான் பண்ணேன்.

கிக்கர் இறங்குதுங்கறதுக்காக உடனே உதைக்கக்கூடாது. பிளக் ரெண்டையும் கழட்டி, ரெண்டு ஓட்டையிலயும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற விட்டேன், ரிங்கும் சிலிண்டர் சுவரும் காஞ்சு கிடக்கும், அப்படியே சுத்தினா கீறல் விழும். மறுநாள் இடது பக்க கவரை கழட்டி ஆல்டர்னேட்டர் ரோட்டர் போல்ட்டுல ஸ்பானர் போட்டு கையாலேயே மெதுவா, இடது பக்கம் நின்னு பார்த்தா கடிகாரத்துக்கு எதிர் திசையில, சுத்திப் பார்த்தேன். எங்கயாவது இடிக்குதா, சொரசொரன்னு சத்தம் வருதான்னு கைக்கே தெரியும். கிக்கர்ல உதைச்சா அந்த உணர்வு வராது.

கவரை கழட்டறதுன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டேன், இங்கதான் பாதி பேர் மாட்டிக்குவாங்க. பழைய ஜப்பான் வண்டியில இருக்கற ஸ்டார் ஸ்க்ரூ எல்லாம் பார்க்க பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனா அது பிலிப்ஸ் இல்ல, ஜேஐஎஸ், அதாவது ஜப்பான் தர அளவு. பிலிப்ஸ் டிரைவரோட முனை இதோட குழிக்குள்ள முழுசா உட்காராது, அடியில தட்டி நின்னுடும், பக்கவாட்டுல பிடிப்பே இருக்காது, முறுக்கினதும் வழுக்கி மேல ஏறி ஸ்க்ரூ தலையை தின்னுடும். அப்புறம் எல்லாரும் சொல்றது "ஜப்பான் ஸ்க்ரூ சாஃப்ட்"னு. ஸ்க்ரூ மேல பழி போட்டு பிரயோஜனம் இல்ல, டிரைவர்தான் தப்பு. நிறைய ஜேஐஎஸ் ஸ்க்ரூ தலையில ஒரு சின்ன புள்ளி குழி இருக்கும், அதை வச்சு கண்டுபிடிக்கலாம். எஞ்சின் கவர் ஸ்க்ரூவுக்கு 3-ம் நம்பர் பிட், கார்புரேட்டர் அடியில பெட்ரோல் நிக்கற பவுலோட ஸ்க்ரூவுக்கு 2-ம் நம்பர். நான் வச்சிருக்கறது வெஸ்ஸல் கம்பெனியோட ஜேஐஎஸ் டிரைவர், சுத்தியால பின்னாடி தட்டினா தானா கொஞ்சம் திரும்பற வகை.

அப்படியும் வராத ஸ்க்ரூ நாலஞ்சு இருந்தது. அதுக்கு ஒரு முறை இருக்கு, முதல்ல பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ஊற வைங்க, ஸ்க்ரூவை சுத்தி அலுமினியத்தை ஹீட் கன்னால சூடு பண்ணுங்க (டேங்க் பக்கத்துல இல்லாம, பெட்ரோல் வாசனையே இல்லாத இடத்துல), பிட்டை குழியில வச்சு நேரா கீழ நாலு தட்டு தட்டுங்க, அப்புறம் இம்பாக்ட் டிரைவர். அந்த நேர் தட்டுதான் முக்கியம், மரையில இறுகிப்போன துருவை அது உடைச்சு விடும். இப்படி எல்லா ஸ்க்ரூவும் தலை கெடாம வந்தது, ஒயர் பிரஷ் போட்டு தேய்ச்சு மரையில துளி காப்பர் கிரீஸ் தடவி அதே ஸ்க்ரூவை அதே ஓட்டையில திருப்பி போட்டேன். நிறைய பேர் ஆலன் போல்ட் கிட் போடுவாங்க. தப்பில்ல, ஆனா ஆலன் கீ கையில இருந்தா எல்லாருக்கும் வேகம் வந்துடும், 6 மி.மீ. ஸ்க்ரூவை அலுமினியத்துல அளவுக்கு மீறி இறுக்கி மரையை பிடுங்கின வண்டி நிறைய பார்த்திருக்கேன். கவர் ஸ்க்ரூவுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். ஸ்டார் ஸ்க்ரூவால அதுக்கு மேல இறுக்கறதே கஷ்டம், அதுவே ஒரு பாதுகாப்பு.

அடுத்து ஆயில். இந்த வண்டியோட உயிர் இருக்கற இடம் இது, ஆனா ரொம்ப பேருக்கு தெரியவே தெரியாது. சிபி350-ல பேப்பர் ஃபில்டர் கிடையாது. வலது பக்கத்துல கிராங்க் ஷாஃப்ட் முனையிலேயே ஒரு கிண்ணம் இருக்கு, அது எஞ்சினோட சேர்ந்து சுத்தும், ஆயில் அதுக்குள்ள போறப்ப கனமான அழுக்கு எல்லாம் சுழற்சியில வெளி சுவர்ல போய் ஒட்டிக்கும், சுத்தமான ஆயில் நடு வழியா கிராங்குக்கு போகும். ஆயில் மாத்தறவங்க கீழ டிரெயின் போல்ட்டை கழட்டி புது ஆயில் ஊத்திட்டு வேலை முடிஞ்சதுன்னு போயிடுவாங்க, இந்த கிண்ணத்தை யாரும் தொடறதில்ல. வலது பக்கம் சின்ன வட்ட கவர், மூணு ஸ்க்ரூ. கழட்டினா உள்ள ஒரு சர்க்கிளிப் (வளைய கிளிப்), அதை எடுத்துட்டு மூடியோட நடுவுல இருக்கற மரையில ஒரு 6 மி.மீ. போல்ட்டை மாட்டி இழுத்தா மூடி வெளிய வரும்.

என் வண்டியில அதை திறந்தப்ப கிண்ணத்தோட சுவர் முழுக்க கருப்பா, சைக்கிள் டியூப் ரப்பர் மாதிரி ஒரு படலம். விரல்ல வழிச்சா வரல. பிளாஸ்டிக் துண்டை சீவி அதால சுரண்டினேன், இரும்பு வச்சு சுரண்டக்கூடாது. வழிச்சதை ஒரு வெள்ளைத் துணியில தேய்ச்சு வெயில்ல பிடிச்சா நுணுக்கமான அலுமினியத் தூள் மினுங்குச்சு, கூடவே கிளட்ச் பிளேட்டோட பழுப்பு நார். பயப்பட வேண்டியது இல்ல, இந்த தூளெல்லாம் பேரிங்குக்கு போகாம இங்க நின்னுச்சுன்னா ஃபில்டர் அதோட வேலையை ஒழுங்கா செஞ்சிருக்குன்னுதான் அர்த்தம். பெரிய சில்லு, செதில் மாதிரி ஏதாவது கிடந்திருந்தா எஞ்சினையே பிரிச்சிருப்பேன்.

திருப்பி மாட்டறப்ப மூடியில இருக்கற ஃபின், கிண்ணத்துல இருக்கற பள்ளத்துல சரியா உட்காரணும். வெளி கவர்ல ஸ்ப்ரிங் வச்ச ஒரு சின்ன ஆயில் குழாய் இருக்கு, அதை வெளிய இழுத்து மூடியோட நடு ஓட்டையில உட்கார்ந்திருக்கான்னு பார்த்துட்டுத்தான் கவரை மூடணும். அது சரியா உட்காரலைன்னா ஆயில் வழி மாறிடும், மேல கேமுக்கு போற ஆயில்ல கை வச்ச மாதிரி ஆயிடும். சிபி350-ல கேம் ஷாஃப்ட்டுக்கு தனியா பேரிங் கிடையாது, ரெண்டு முனையிலயும் அலுமினிய வார்ப்புலேயே நேரா சுத்துது. ஆயில் கெட்டா முதல்ல போறது அந்த இடமும், கேம் தள்ளி வால்வை அமுக்கற ராக்கரோட பேடும்தான். கொள்ளளவு 2 லிட்டர்தான், அதனால சீக்கிரமே அழுக்காகும், 1,500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்துங்க, ரெண்டு மூணு ஆயில் சேஞ்சுக்கு ஒரு தடவை கிண்ணத்தை திறங்க. கிளட்ச் ஆயில்லேயே ஊறி ஓடற வண்டி, கார் ஆயில்ல உராய்வை குறைக்கற மருந்து கலந்திருக்கும், கிளட்ச் வழுக்கும், டப்பாவுல ஜாஸோ எம்ஏ-ன்னு போட்டிருக்கற 10டபிள்யூ-40 வாங்கி ஊத்துங்க.

டேங்குக்கு வருவோம். நட்டு, சங்கிலி, கூழாங்கல்லு போட்டு குலுக்கறது ஒரு வழி, எனக்கு பிடிக்காது, துரு கழண்ட இடத்துல கீறலும் விழும், உள்ள சிக்கின கல்லு எடுக்க உயிர் போகும். நான் பண்ணது எலக்ட்ராலிசிஸ். முதல்ல பழைய பெட்ரோலை வடிச்சு, டிஷ் சோப்பும் வெந்நீரும் விட்டு திரும்பத் திரும்ப அலசி வாசனையே இல்லாம பண்ணணும், இதை அவசரப்படக்கூடாது. பெட்ரோல் காக்கை கழட்டிட்டு அந்த ஓட்டையையும், ரெண்டு பக்கத்தையும் சேர்க்கற கீழ் குழாய் முனையையும் ரப்பர் வச்சு அடைச்சு, நாலு லிட்டர் தண்ணிக்கு ஒரு பெரிய ஸ்பூன் சலவை சோடான்னு கலக்கி முட்ட முட்ட ஊத்தினேன். மூடி ஓட்டை வழியா ஒரு சாதா இரும்புக் கம்பி, டேங்க்ல எங்கயும் படாம ரப்பர்ல மாட்டி தொங்க விட்டு, பேட்டரி சார்ஜரோட நெகட்டிவ் டேங்குக்கு, பாசிட்டிவ் கம்பிக்கு. இதை மாத்தி கொடுத்தா கம்பிக்கு பதிலா டேங்கை தின்னுடும், ரெண்டு தடவை பார்த்துக்குங்க. எவர்சில்வர் கம்பி வேண்டவே வேண்டாம், அதுல இருந்து விஷத்தன்மை உள்ள குரோமியம் தண்ணியில கலக்கும், துத்தநாகம் பூசின கம்பியும் வேண்டாம். நடக்கறப்ப ஹைட்ரஜன் வாயு வரும், அதனால திறந்த வெளியில வைங்க, கிளிப்பை பிடுங்கறதுக்கு முன்னாடி சார்ஜரை சுவிட்ச்சுல ஆஃப் பண்ணுங்க, பொறி வந்துடக்கூடாது.

இதுல ஒரு விஷயம், கம்பிக்கு நேரா தெரியற இடத்துலதான் வேலை நல்லா நடக்கும். சிபி350 டேங்க் நடுவுல ஃபிரேமுக்காக மேடு ஏறி இறங்கும், ஒரு பக்கமா தொங்கின கம்பி அடுத்த பக்கத்தை பார்க்காது, அப்பப்ப கம்பியை வளைச்சு இடம் மாத்தி மாட்டணும், கம்பி மேல படியற பழுப்பு சேறையும் துடைச்சு விடணும். கடைசியில உள்ள சாம்பல் நிறமா இரும்பு தெரிஞ்சது. தண்ணி விட்டு அலசின கையோட காயறதுக்குள்ளயே புதுசா மெல்லிசா துரு பிடிக்க ஆரம்பிச்சுடும், அதனால அலசி முடிச்சதும் ஸ்பிரிட் கொஞ்சம் விட்டு சுழட்டி தண்ணியை எடுத்து, ஹேர் டிரையர்ல காய வச்சு, டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோலை உள்ள எல்லா பக்கமும் படறமாதிரி புரட்டி விட்டேன். டேங்க் உள்ள பூசற லைனர் நான் போடல. ஓட்டை இருந்தா சரி, ஓட்டை இல்லாத டேங்குக்கு எதுக்கு அது, நாளைக்கு உரிஞ்சு ஏடு ஏடா வந்தா அதை எடுக்கறது துருவை எடுக்கறதை விட பெரிய பாடு.

இப்போ வரிசை பத்தி சொல்லணும். வண்டி கிளம்பலைன்னா, மிஸ் அடிச்சா, எல்லாரோட கையும் நேரா கார்புரேட்டருக்குத்தான் போகும். ஆனா கம்ப்ரஷன், டேப்பட் (வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவுல இருக்கற கேப்), கேம் செயின், பாயிண்ட், டைமிங் (பொறி விழற நேரம்), இதெல்லாம் சரியா இருக்கறப்ப தான் கார்புரேட்டர்ல நீங்க திருப்பற ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் அர்த்தம் இருக்கும். டைமிங் தள்ளி இருக்கற வண்டியில மிக்ஸ்சர் ஸ்க்ரூ திருப்பறது வீண் வேலை.

டேப்பட் குளிர்ந்த எஞ்சின்ல தான் பார்க்கணும், இன்டேக் 0.05 மி.மீ., எக்சாஸ்ட் 0.10 மி.மீ. இந்த வண்டியில ராக்கர் முனையில ஸ்க்ரூவும் லாக் நட்டும் கிடையாது. ராக்கர் உட்கார்ந்திருக்கற ஷாஃப்ட்டே எக்சென்ட்ரிக், அதாவது மையம் தள்ளி கடைஞ்சது, ஹெட்டோட பக்கத்துல இருக்கற லாக் நட்டை தளர்த்தி ஷாஃப்ட் முனையை ஸ்க்ரூ டிரைவரால திருப்பினா ராக்கர் முழுசா நகர்ந்து கேப் கூடும் குறையும். ஷாஃப்ட்டை ஒரு முழு சுத்து சுத்தினா ஒரே கேப் ரெண்டு இடத்துல வரும், ஆனா அதுல ஒண்ணுதான் சரி. ஷாஃப்ட் முனையில ஒரு குறி போட்டிருக்கும், அது எஞ்சினோட நடுப்பக்கம் பார்க்காம வெளிப்பக்கம் பார்க்கணும். மாத்தி வச்சாலும் ஃபீலர் கேஜுல அளவு சரியாத்தான் காட்டும், ஆனா ராக்கர் பேட் கேம் மேல தப்பான இடத்துல உரசும். என் வண்டியில நாலுல ஒண்ணு இப்படி உள்பக்கம் பார்த்து இருந்தது, முன்னாடி யாரோ திருப்பி வச்சது. ராக்கர் பேடை டார்ச் அடிச்சு பார்த்தேன், நல்லவேளை குழி விழல. லாக் நட்டை இறுக்கறப்ப ஷாஃப்ட்டும் லேசா கூட சுத்தும், அதனால இறுக்கினதுக்கு அப்புறம் இன்னொரு தடவை கேஜ் போட்டு பார்க்கறது கட்டாயம், 0.05 கேஜ் லேசா இழுபட்டு வரணும், 0.08 உள்ளயே போகக்கூடாது.

கம்ப்ரஷன் ரெண்டு பக்கமும் 150-ஐ தாண்டி வந்தது, ரெண்டுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் இல்ல. மேனுவல் சொல்றது 170 பிஎஸ்ஐ. ரொம்ப நாள் நின்ன எஞ்சினுக்கு இது நல்ல அளவு, ஓட ஓட ரிங் உட்கார்ந்து இன்னும் ஏறும். குறைஞ்சிருந்தா பிளக் ஓட்டையில ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு திருப்பி அளந்து பாருங்க, அளவு ஏறினா ரிங், ஏறலைன்னா வால்வு.

பாயிண்ட் செட் ஒரிஜினல். முகத்துல சாம்பல் படிஞ்சு, ஒரு பக்கம் லேசா மேடு கட்டியிருந்தது. நைஸ் ஃபைல் போட்டு ரெண்டு முகமும் ஒட்டி உட்கார்ற வரைக்கும் இழைச்சு, ஸ்பிரிட் நனைச்ச அட்டையை நடுவுல விட்டு இழுத்து துடைச்சேன். கேம் உரசற ஃபெல்ட்டுல துளி கிரீஸ், அது இல்லைன்னா பாயிண்ட்டோட குதிகால் தேய்ஞ்சு கேப் குறைஞ்சுகிட்டே வரும். கேப் 0.3-ல இருந்து 0.4 மி.மீ. இது 180 டிகிரி கிராங்க், ஒரு பிஸ்டன் மேல இருந்தா இன்னொண்ணு கீழ, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி பாயிண்ட். முதல்ல இடது பக்கத்தை பேஸ் பிளேட்டை திருப்பி செட் பண்ணணும், அப்புறம் வலது பக்கத்தை அதே 0.3-0.4 அளவுக்குள்ள கேப்பை கூட்டி குறைச்சு கொண்டு வரணும். 12 வோல்ட் சின்ன பல்பு ஒண்ணு, ஒரு ஒயர் பாயிண்ட் ஸ்ப்ரிங்குல, இன்னொண்ணு எர்த்துல, சாவி ஆன். ரோட்டரை மெதுவா சுத்தினா பாயிண்ட் திறக்கற அந்த நொடியில பல்பு எரியும், அப்ப ரோட்டர்ல இருக்கற எல்எஃப் குறி நேரா நிக்கணும், வலது பக்கத்துக்கு எஃப் குறி. ஸ்ட்ரோப் லைட் இருந்தா ஓடறப்பவும் பார்த்துக்குங்க, வேகம் ஏற ஏற பொறியை முன்கூட்டி வர வைக்கற அட்வான்ஸரோட ஸ்ப்ரிங் தளர்ந்திருந்தா ஆக்சிலேட்டர் விட்டாலும் ஐடில் உடனே கீழ வராம தொங்கும், நிறைய பேர் அதையும் கார்புரேட்டர் கணக்குலதான் எழுதுவாங்க. கண்டென்சர் மட்டும் புதுசு போட்டேன், பாயிண்ட்ல நீலமா பெரிய பொறி தெரிஞ்சா கண்டென்சர் போச்சுன்னு அர்த்தம். பிளக் என்ஜிகே பி8இஎஸ்.

எலக்ட்ரிகல்ல கண்டென்சர் போக ஒரு ஒரிஜினலை மட்டும் நானே மனசார தூக்கினேன், ஆல்டர்னேட்டரோட ஏசி கரண்டை பேட்டரிக்கு டிசி-யா மாத்தற செலினியம் ரெக்டிஃபையர். தகடு தகடா அடுக்கி வச்ச மாதிரி இருக்கும், வயசாக ஆக உள்ள மின்தடை கூடிக்கிட்டே போகும், பேட்டரிக்கு போக வேண்டிய கரண்ட் அதுலேயே சூடா வீணாகும், எரிஞ்சா வர்ற புகை விஷம். அந்த இடத்துல ரெகுலேட்டரும் சேர்ந்த இந்தக் காலத்து சிலிக்கான் யூனிட் ஒண்ணு போட்டாச்சு. ஒயரிங்கை மொத்தமா மாத்தல, செம்பு நல்லாத்தான் இருந்தது, பச்சை பூத்திருந்தது புல்லட் கனெக்டர் மட்டும்தான், ஒவ்வொண்ணா பிரிச்சு வினிகர்ல உப்பு கலந்து நனைச்சு, சமையல் சோடா தண்ணியில அலசி, காய வச்சு டைஎலக்ட்ரிக் கிரீஸ் போட்டு மாட்டினேன். ஃபிரேம் எர்த்து பெயிண்ட் மேல உட்கார்ந்திருந்தது, அந்த இடத்தை மட்டும் உலோகம் தெரியற வரைக்கும் சுரண்டினதும் ஹெட்லைட் வெளிச்சமே மாறிடுச்சு. பேட்டரிக்கும் காயிலுக்கும் நடுவுல எத்தனை வோல்ட் விழுதுன்னு மீட்டர் வச்சு பாருங்க, அரை வோல்ட்டுக்கு மேல போனா நடுவுல ஏதோ கனெக்டரோ, கில் சுவிட்ச்சோ, சாவி சுவிட்ச்சோ அழுக்கா இருக்கு.

இப்போதான் கார்புரேட்டர். கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டும் எந்தப் பக்கம்னு குறி போட்டு, ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் பிரிக்கணும். மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எடுக்கறதுக்கு முன்னாடி மெதுவா உள்ள மூடி எத்தனை சுத்துன்னு எழுதி வைங்க. சிவி கார்புரேட்டர்ல ஆக்சிலேட்டர் கேபிள் ஸ்லைடை தூக்காது, பட்டர்ஃபிளையை மட்டும்தான் திறக்கும், ஸ்லைடை தூக்கறது எஞ்சின் இழுக்கற காத்து. அந்த ஸ்லைடுக்கு மேல ஒரு ரப்பர் டயாஃப்ரம் இருக்கு, அதுல ஊசி முனை ஓட்டை இருந்தாக்கூட அந்த சிலிண்டர் பாதி ஆக்சிலேட்டருக்கு மேல திணறும். சோதிக்கறது சுலபம், ஸ்லைடை விரலால மேல தூக்கி, காத்து போற சின்ன ஓட்டையை மூடிட்டு விடுங்க, அது தயங்கித் தயங்கி இறங்கினா டயாஃப்ரம் நல்லா இருக்கு, டொக்குன்னு விழுந்தா கிழிஞ்சிருக்கு. என்னோடது ரெண்டும் நல்லா இருந்தது, அதை கழட்டி தூரமா எடுத்து வச்சுட்டுத்தான் கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயையே கையில எடுத்தேன், அந்த ஸ்ப்ரே பட்டா ரப்பர் உப்பி நெளிஞ்சுடும், அப்புறம் அது பழைய அளவுக்கு வராது.

ஜெட்டுகளை கரைசல்ல ஊற வச்சு, மெல்லிசா ஒரு செம்பு ஒயர் இழை விட்டு துழாவி, கம்ப்ரஸர் காத்து அடிச்சு வெளிச்சத்துல பிடிச்சு பார்த்தேன். ஊசி, கிட்டார் கம்பி மாதிரி இரும்பு எதையும் விடாதீங்க, பித்தளை ஓட்டை துளி பெருசானாலும் அந்த ஜெட்டு போச்சு. ஸ்லோ ஜெட்டோட பக்கவாட்டு ஓட்டைகளைத்தான் பொறுமையா பார்க்கணும், அதுதான் முதல்ல அடைக்கும், வெளிய பார்க்க சுத்தமா இருக்கும். இந்த கார்புரேட்டர்ல மெயின் ஜெட்டே ரெண்டு, பிரைமரி ஒண்ணு செகண்டரி ஒண்ணு, நம்பர் வேற வேற, இடம் மாத்தி போட்டா வண்டி ஓடும் ஆனா எப்பவுமே சரியா ஓடாது. கழட்டின உடனே நம்பரை பார்த்து தனித்தனி டப்பாவுல போடுங்க. கிட்டுல இருந்து நான் எடுத்தது பவுல் கேஸ்கெட்டும் ஓ ரிங்கும் மட்டும்தான். அதுல வந்த ஜெட்டை பூதக்கண்ணாடியில வச்சு பார்த்தப்ப ஓட்டை ஓரத்துல பிசிறு அப்படியே நின்னது, ஒரிஜினல்ல விளிம்பு கண்ணாடி மாதிரி இருந்தது. ரெண்டுலயும் ஒரே நம்பர்தான் போட்டிருக்கு. பெட்ரோல் எப்படி வழியும்ங்கறது நம்பரை மட்டும் வச்சு முடிவாகாது, அந்த விளிம்பையும் வச்சுத்தான்.

ஃப்ளோட் உயரம் கார்புரேட்டர் உடம்புல அடிச்சிருக்கற குறியீட்டுக்கு ஏத்த மாதிரி மாறும், அதை பார்த்து மேனுவல்ல இருக்கறபடி வைங்க. எஞ்சினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுல வர்ற ரப்பர் ஹோல்டர் கல்லு மாதிரி ஆயிருந்தது ஆனா வெடிக்கல. ஒரு பங்கு வின்டர்கிரீன் ஆயில், மூணு பங்கு சைலீன் கலந்து மூடின கண்ணாடி பாட்டில்ல ஊற வச்சேன், ரப்பர் திரும்ப இளகி விரல்ல வளைஞ்சது. அப்பப்ப எடுத்து பாத்துக்கணும், ரொம்ப ஊறினா உப்பிடும். கையில கிளவுஸ், நல்ல காத்தோட்டம், குழந்தைங்க கைக்கு எட்டாத இடம், இது மூணும் இல்லாம இந்த கரைசலை தொடாதீங்க.

ரெண்டையும் சமமா வைக்கறதுக்கு முதல்ல கண்ணால பார்த்து, கேபிள் இழுத்தா பட்டர்ஃபிளை ரெண்டும் ஒரே நேரத்துல அசையற மாதிரி வச்சுக்கணும். அப்புறம் எஞ்சின் சூடானதும் வாக்குவம் கேஜ். ஒரு சிலிண்டரை நிறுத்தி இன்னொண்ணுல ஓட்டி பார்க்கறதா இருந்தா, கழட்டின பிளக் கேப்புல ஒரு பிளக்கை மாட்டி ஹெட்டுல எர்த்து பண்ணியே வைங்க, சும்மா தொங்க விட்டா காயில் அடிபடும். ஐடில் 1,200. முதல் உதையில கிளம்பல, பவுல் நிறையட்டும்னு பெட்ரோல் காக்கை திறந்து விட்டு சோக் போட்டு திருப்பி உதைச்சதும் பிடிச்சுது. அந்த 180 டிகிரி கிராங்கோட சீரில்லாத தடதட சத்தம் கேட்டப்ப கையில இருந்த ஸ்பானரை கீழ வைக்கவே தோணல.

பிரேக் பத்தி சுருக்கமா. முன்னாடி ரெட்டை லீடிங் ஷூ டிரம், ஒழுங்கா செட் பண்ணா நல்லாவே நிக்கும். அந்தக் காலத்து ஷூவுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், டிரம்மை திறந்துட்டு கம்ப்ரஸர் காத்து அடிக்கவே கூடாது, ஈரத்துணியில துடைச்சு கவர்ல கட்டி போடணும். ரெண்டு ஷூவும் ஒரே நேரத்துல தொடற மாதிரி நடு லிங்க்கை சரி பண்ணணும், இல்லன்னா பாதி பிரேக்தான். டயர் முன்னாடி 3.00-18, பின்னாடி 3.50-18, வாங்கறப்ப பக்கவாட்டுல இருக்கற நாலு இலக்க தேதியை பாருங்க, முதல் ரெண்டு இலக்கம் செஞ்ச வாரத்தோட நம்பர், அடுத்த ரெண்டு இலக்கம் செஞ்ச வருஷம். மூணு இலக்கம்தான் இருந்தா அது 2000-க்கு முன்னாடி செஞ்சது, எவ்வளவு பள்ளம் இருந்தாலும் அந்த டயர்ல உட்காராதீங்க.

வண்டி இப்போ ஓடுது. ஓட்டினா எஞ்சின் நல்லா சூடேறற வரைக்கும் ஓட்டறேன், நிறுத்தி வச்சு அஞ்சு நிமிஷம் உறுமவிட்டு ஆஃப் பண்றது நின்ன வண்டியை விட மோசம், உள்ள சேர்ற நீராவி வெளிய போகாம ஆயில்லேயே தங்கும். ரெண்டு வாரத்துக்கு மேல நிறுத்தறதா இருந்தா பெட்ரோல் காக்கை மூடி, பவுல் ரெண்டையும் வடிச்சுடறேன், டேங்கை முட்ட நிரப்பறேன், காலி இடம் இருந்தாத்தான் துரு. பாக்கி இருக்கறது முன் ஃபோர்க் ஆயில் சீல், வலது பக்கம் லேசா கசியுது, டியூப்ல குரோம் உரிஞ்சிருக்கான்னு கழட்டி நகத்தால தடவிப் பார்த்துட்டு, நல்லா இருந்தா சீல் மட்டும் புதுசு, டியூப் அதேதான்.